ரெட் டஸ்டர்: கப்பலுக்குப் பின்னாடி ஒரு துடைக்கிற துணி!



'டஸ்டர்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடைசி பெஞ்ச் கோஷ்டிக்கு, வாத்தியார் கையிலிருந்து பறந்து வந்த அந்த சாக்பீஸ் தூசி ஆயுதம்தான். கார் பிரியர்களுக்கு ஒரு கார். வீட்டுல அம்மாவுக்கு, ஜன்னல் கம்பியில தொங்கற பழைய துணி.

ஆனா, கப்பல்காரங்ககிட்ட போய் 'ரெட் டஸ்டர்'னு சொல்லிப் பாருங்க. சில பேர் நிமிர்ந்து உட்காருவாங்க. சில பேர் கண் கலங்கக்கூட செய்யலாம். இந்த வார நம்ம வார்த்தை அதுதான்!

இந்த வார்த்தையை ஏன் எடுத்தேன்னா, அதுக்குக் காரணம் என் சித்தி பையன். போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு போன்.

"அண்ணே, கப்பல்ல வேலை கிடைச்சிருச்சு! அடுத்த வாரம் ஜாயினிங்!"

"சூப்பர்டா! எந்த நாட்டுக் கொடிக் கப்பல்?"

"கொடியா? தெரியலண்ணே. கப்பல் வெள்ளை கலர்ல நல்லா பெருசா இருக்கு. ஏஜென்ட் போட்டோ அனுப்பியிருக்கார். மூணு லட்சம்தான் கேக்கறார்..."

கொடி தெரியலையாம். கலர் மட்டும் தெரியுமாம்! 'காலைல பேசறேன், அதுவரைக்கும் காசு எதுவும் கொடுக்காதே'ன்னு சொல்லி வெச்சேன். அவனுக்குச் சொன்ன கதைதான் இது. உங்களுக்கும் சொல்லிடறேன்.

மூணு கலர், ஒரு குழப்பம்

ரெட் டஸ்டர்ங்கறது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களோட கொடிக்கு மாலுமிகள் வெச்ச செல்லப் பேர். கொடியோட நிஜப் பேர் 'ரெட் என்சைன்'. முழுக்க சிவப்பு. மேல் மூலையில மட்டும் பிரிட்டனோட யூனியன் கொடி. கப்பலோட பின்பக்கத்துல, ஒரு சின்னக் கம்பத்துல பறக்கும்.

கப்பலுக்கும் சிவப்புக்கும் என்ன சம்பந்தம்? 17-ம் நூற்றாண்டுல இங்கிலாந்து போர்க் கப்பல் படையை மூணு அணியா பிரிச்சிருந்தாங்க. சிவப்பு, வெள்ளை, நீலம். நம்ம ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ்னு பிரிப்பாங்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி! இதுல சிவப்பு அணிதான் சீனியர். 1674-ல மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு அறிவிப்பு போட்டார்: சரக்கு ஏத்தற வணிகக் கப்பல்களும் சிவப்புக் கொடி கட்டணும். அன்னிக்கு மூலையில இருந்தது இங்கிலாந்தோட செயின்ட் ஜார்ஜ் சிலுவை மட்டும்தான். 1707-ல இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒண்ணானதும் அந்த மூலைக்கு யூனியன் கொடி வந்தது. 1801-ல அயர்லாந்தும் சேர, இன்னிக்கு நாம பாக்கற டிசைன்.

இதுல என்ன காமெடின்னா, போர்க் கப்பல்லயும் சிவப்பு, வணிகக் கப்பல்லயும் சிவப்பு. தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு எது பீரங்கிக் கப்பல், எது பருத்தி மூட்டைக் கப்பல்னு எப்படித் தெரியும்? கிட்டத்தட்ட 190 வருஷம் இப்படியே ஓட்டிட்டாங்க. கடைசியா 1864-ல முடிவு கட்டினாங்க. அணி பிரிக்கறதையே தூக்கிட்டாங்க. வெள்ளைக் கொடி கடற்படைக்கு. நீலம் அரசாங்கக் கப்பல்களுக்கும் ரிசர்வ் படைக்கும். சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு மட்டும்.

சரி, அதுல 'துடைக்கிற துணி' எங்கேருந்து வந்தது? கடல் காத்து, உப்பு, மழை, நீராவிக் கப்பல் காலத்துல புகைபோக்கியிலிருந்து கொட்டற கரி... ஒரு மாசம் பறந்தா எந்தக் கொடியும் ஓரம் கிழிஞ்சு, சாயம் போய், தூசி தட்டற துணி மாதிரிதான் ஆகும். மாலுமிகள் பாத்தாங்க, கிண்டலா பேர் வெச்சாங்க. ஆனா நம்ம பசங்க உயிர் நண்பனை 'எருமை'ன்னு கூப்பிடறதில்லையா? அந்த மாதிரிக் கிண்டல்தான். வெளி ஆள் சொன்னா சட்டையைப் பிடிச்சிடுவாங்க!

சம்பளம் நின்னுடும், சார்!

இனிமே வர்றது கொஞ்சம் சீரியஸ்.

1939 செப்டம்பர் 3. பிரிட்டன் ஜெர்மனி மேல போர் அறிவிச்ச நாள். அறிவிச்ச சில மணி நேரத்துல 'ஏதெனியா'ங்கற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடிச்சிடுச்சு. நூத்துக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. இன்னிக்கும் பிரிட்டன்ல செப்டம்பர் 3-ம் தேதியை வணிகக் கடற்படை நாளா வெச்சிருக்காங்க. 2000-ம் வருஷத்துலேர்ந்து நடக்குது. அன்னிக்கு ஊர் ஊரா மாநகராட்சிக் கட்டடங்கள்ல ரெட் டஸ்டர் ஏறும்.

அந்தப் போர்ல பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள்ல வேலை பாத்தவங்க சுமார் 1,85,000 பேர். செத்தவங்க சுமார் 30,000. ஆறு பேருக்கு ஒருத்தர்! ராணுவம், கடற்படை, விமானப்படை மூணுலயும் இந்த அளவுக்கு சாவு விகிதம் கிடையாது. இத்தனைக்கும் இவங்க சிப்பாய் இல்லை. கோதுமை, எண்ணெய், குண்டு மூட்டைன்னு சுமக்கற தொழிலாளிங்க. 16, 17 வயசுப் பசங்க எக்கச்சக்கம். உங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதானே?

யூனிஃபார்ம் கிடையாது. லீவுல ஊருக்கு வந்தா, 'ஊரே சண்டைக்குப் போகுது, இவன் கோட்டு போட்டுகிட்டு சுத்தறான் பாரு'ன்னு ஜாடைப் பேச்சு. அதுக்காகவே 1940-ல ஒரு சின்ன வெள்ளி பேட்ஜ் கொடுத்தாங்க. 'நானும் கடல்லதான் இருக்கேன்'னு ஊருக்குச் சொல்ல!

இதைவிடக் கொடுமை ஒண்ணு. 1894-ம் வருஷத்து கப்பல் சட்டப்படி, கப்பல் மூழ்கின அன்னிக்கே மாலுமியோட ஒப்பந்தம் முடிஞ்சுடும். அதாவது, டார்பிடோ பட்ட நிமிஷம் சம்பளம் கட்! நீ உயிர் காக்கும் படகுல பத்து நாள் மிதந்துகிட்டிருக்கலாம். அதுக்கெல்லாம் சம்பளக் கணக்கு ஓடாது. 1925-ல ஒரு திருத்தம் வந்து, வேலை இல்லாம இருக்கற நாளுக்கு அதிகபட்சம் ரெண்டு மாசம் ஈட்டுத்தொகை தரலாம்னு ஆச்சு. போர் தொடங்கி ஒண்ணரை வருஷம் தாண்டி, 1941 மே மாசம்தான் வேலை தொடர்ச்சியும் சம்பளத் தொடர்ச்சியும் உத்தரவாதமாச்சு.

லண்டன்ல டவர் ஹில்னு ஒரு இடம். அங்கே ரெண்டு உலகப் போர்லயும் செத்த வணிகக் கப்பல், மீன்பிடிக் கப்பல் ஆட்கள்ல சுமார் 36,000 பேரோட பேர் பொறிச்சிருக்கு. எல்லாருமே கல்லறை இல்லாதவங்க. கடல்தான் கல்லறை.

அதே கொடி, வேற சம்பளம்

அந்த 1,85,000 பேர்ல சுமார் 40,000 பேர் இந்திய, சீன வம்சாவளி ஆட்கள். நம்ம ஆளுங்களுக்கு அங்கே 'லஸ்கர்'னு பேர். இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும். ஏரி, வாய்க்கால் மதகைத் திறந்து விடற பொதுப்பணித்துறை ஊழியரை நம்ம ஊர்ல இன்னமும் 'லஸ்கர்'னுதானே சொல்றோம்? அதேதான். பாரசீகத்துல படைக்குப் பேரு லஷ்கர். அதுலேர்ந்து வந்தது. அவங்க மேஸ்திரிக்குப் பேரு செராங். கப்பலைத் திருப்பற ஆளுக்கு சுக்கானி. இந்த 'சுக்கானி' இங்கிலீஷ்ல போய் 'சீகன்னி' ஆயிடுச்சு. நாம மட்டும்தான் அவங்க வார்த்தையைக் கடன் வாங்கினோம்னு யார் சொன்னது?

சில்ஹெட், சிட்டகாங், கோவா, கொங்கணம், பஞ்சாப்னு பல ஊர்க்காரங்க. கொதிகலன் அறையில கரி அள்ளிப் போடறது பெரும்பாலும் இவங்கதான். டார்பிடோ அடிச்சா முதல்ல தண்ணி புகறதும் அந்தக் கீழ்த்தளத்துலதான். ஒரே கப்பல், ஒரே கொடி, ஒரே டார்பிடோ. ஆனா 1939-ல ஒரு லஸ்கரோட மாசச் சம்பளம் வெள்ளைக்கார மாலுமி வாங்கினதுல நாலுல ஒரு பங்குகூட இல்லை!

அவங்க சும்மா இருக்கலை. போர் தொடங்கின அதே 1939-ல லண்டன்லேர்ந்து தென்னாப்பிரிக்கத் துறைமுகங்கள் வரைக்கும் லஸ்கர்கள் 'கப்பல் ஏற மாட்டோம்'னு உட்கார்ந்துட்டாங்க. பல பேர் ஜெயிலுக்குப் போனாங்க. ஆனா சம்பளம் ஏறுச்சு. போர் முடியறப்போ செத்த இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர். மும்பையிலயும் சிட்டகாங்லயும் அவங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. லண்டன் டவர் ஹில்ல கல்லுல பேர். இங்கே பேரெல்லாம் ஒரு புத்தகத்துக்குள்ள.

ரெட் டஸ்டரைக் கிண்டலும் பாசமுமா பேசற வெள்ளைக்கார மாலுமியும் நிஜம். அதே துணிக்குக் கீழே கால் சம்பளத்துக்கு கரி அள்ளின சில்ஹெட்காரனும் நிஜம். கொடின்னா எல்லாருக்கும் ஒரே அர்த்தம் கிடையாது, பாஸ்!

நம்ம கப்பல்லயும் சிவப்புதான்!

ஒரு சின்ன ஆச்சரியம். இந்திய வணிகக் கப்பல் ஒண்ணோட பின்பக்கத்தைப் பாருங்க. அங்கே நேரா மூவர்ணக் கொடி பறக்காது. முழுக்க சிவப்புத் துணி, மேல் மூலையில மூவர்ணக் கொடி. ஆமா, யூனியன் கொடியை எடுத்துட்டு மூவர்ணத்தை வெச்சா அதுதான் நம்ம வணிகக் கப்பல் கொடி! இலங்கையும் பாகிஸ்தானும் வங்கதேசமும் அப்படியே. சிங்கப்பூர்கூட சிவப்புல ஒரு வட்டம், உள்ளே பிறையும் நட்சத்திரமும். கனடா ஒருபடி மேலே. 1965-ல மேப்பிள் இலைக் கொடி வர்ற வரைக்கும் சிவப்பு என்சைனைத்தான் நாட்டுக் கொடி மாதிரியே பறக்கவிட்டுகிட்டிருந்தாங்க.

கொடி பாஷை... கொஞ்சம் கத்துக்கலாமா?

* பின்பக்கம் பறக்கறதுதான் கப்பலோட சொந்த நாட்டுக் கொடி. முன்பக்கமோ, பாய்மரத்து வலதுபக்கமோ பறக்கறது, வந்திருக்கற ஊருக்கு மரியாதைக் கொடி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. சென்னைத் துறைமுகத்துக்கு வர்ற எல்லாக் கப்பல்லயும் மூவர்ணம் இருக்கும். எல்லாம் இந்தியக் கப்பல் இல்லை!

* வணிகக் கப்பல் ஒரு போர்க் கப்பலைத் தாண்டிப் போனா, கொடியைக் கொஞ்சம் கீழே இறக்கி ஏத்தும். அது 'வணக்கம்ணே'. போர்க் கப்பலும் பதிலுக்கு இறக்கி ஏத்தும். அது 'வணக்கம் தம்பி'.

* நீலத் துணி நடுவுல வெள்ளைக் கட்டம்னா 'ப்ளூ பீட்டர்'. 'கப்பல் கிளம்பப் போகுது, ஊருக்குள்ள சுத்தறவன் எல்லாம் ஓடி வா'ன்னு அர்த்தம்.

* முழு மஞ்சள் கொடிக்கு, 'எங்க கப்பல்ல எல்லாரும் நல்லா இருக்கோம், உள்ளே விடுங்க'ன்னு அர்த்தம். ஒரு காலத்துல மஞ்சக் கொடின்னாலே தொத்துநோய்னு பயந்து ஓடுவாங்க. இப்போ அர்த்தம் அப்படியே உல்டா!

* பிரிட்டனோட 1894 சட்டத்துல, தகுதி இல்லாத கொடியைக் கட்டினா 500 பவுண்ட் வரைக்கும் அபராதம். 'ஒரு துணிக்கா?'ன்னு கேக்காதீங்க. அதுக்குத்தான் வர்றேன்.

வாடகைக் கொடி

நடுக்கடல்ல எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? அங்கே போலீஸ் ஸ்டேஷனும் கிடையாது, கலெக்டர் ஆபீசும் கிடையாது. பின்னாடி எந்தக் கொடி பறக்குதோ, அந்த நாட்டுச் சட்டம்தான். உங்க சம்பளம், வேலை நேரம், கப்பல் ஓட்டையா உருப்படியான்னு பாக்கற சோதனை, அடிபட்டா நஷ்ட ஈடு, எல்லாத்துக்கும் முதல் பொறுப்பு அந்தக் கொடிக்காரன். கப்பலுக்கு கொடி, நம்ம ரேஷன் கார்டு மாதிரி!

இதை முதலாளிங்க சீக்கிரமே புரிஞ்சுகிட்டாங்க. 1922-ல அமெரிக்காவுல மதுவிலக்கு. கப்பல்ல சரக்கு விக்க முடியலை. 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்'னு ரெண்டு பயணிகள் கப்பலை பனாமா கொடிக்கு மாத்திட்டாங்க. இப்போ கப்பல் பனாமா, பாரும் ஓப்பன்! அதுலேர்ந்து சூடு பிடிச்சது இந்த வியாபாரம். 1949-ல லைபீரியா வந்தது. அப்புறம் மார்ஷல் தீவுகள். மொத்த ஜனத்தொகை 50,000-கூட இல்லாத பசிபிக் தீவுக் கூட்டம் அது. இன்னிக்கு உலகக் கப்பல்களோட கொள்ளளவுல 40 சதவிகிதத்துக்கும் மேலே இந்த மூணு கொடிக்குக் கீழேதான். லைபீரியாவோட கப்பல் பதிவை நடத்தற ஆபீஸ் லைபீரியாவுலயே இல்லை. அமெரிக்காவோட வர்ஜீனியாவுல இருக்கு! கடலே இல்லாத மங்கோலியாகூட கப்பல் பதிவு பண்ணுதுன்னா பாத்துக்கோங்க.

ரெட் டஸ்டரும் இதுக்கு விலக்கு இல்லை. 2011-ல புகழ்பெற்ற 'குயின் மேரி 2' கப்பலை சவுதாம்ப்டன்லேர்ந்து பெர்முடாவுக்கு பதிவு மாத்தினாங்க. காரணம்? பெர்முடா சட்டப்படி கேப்டனே நடுக்கடல்ல கல்யாணம் பண்ணி வைக்கலாம். பிரிட்டன் சட்டத்துல அதுக்கு வழி இல்லை! பெர்முடா பிரிட்டனோட கடல்கடந்த பிரதேசம்ங்கறதால, சிவப்புக் கொடி மட்டும் அப்படியே இருக்கு. ஆனா மாலுமிகள் சங்கங்களோட சர்வதேசக் கூட்டமைப்பு வெச்சிருக்கற 'வாடகைக் கொடி' பட்டியல்ல பெர்முடாவும் உண்டு. பழைய டஸ்டர்லயே வாடகை டஸ்டர்!

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். வாடகைக் கொடின்னாலே மோசமான கப்பல்னு அர்த்தம் இல்லை. லைபீரியா, மார்ஷல் கொடியில நல்ல கப்பல்கள், நல்ல கம்பெனிகள் நிறைய. நம்ம ஆட்கள் ஆயிரக்கணக்குல சந்தோஷமா வேலை பாக்கறாங்க. ஆபத்து எங்கேன்னா, அடிமட்டத்துல இருக்கற கொடிகள்ல. பழைய கப்பல், பேர் தெரியாத ஓனர், போன் எடுக்காத பதிவு ஆபீஸ்.

அங்கே என்ன நடக்கும்? கப்பல் நஷ்டத்துல ஓடும். ஓனர் ஒருநாள் காணாமப் போவான். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்துல கப்பல் நங்கூரம் போட்டு நிக்கும். சம்பளம் இல்லை. டீசல் தீரும். குடிதண்ணி தீரும். 'இறங்கி ஊருக்கு வந்துட வேண்டியதுதானே'ன்னு தோணும். முடியாது. ஆளில்லாத கப்பல் ஆபத்துன்னு துறைமுகம் விடாது. விசா இல்லாம கரையில கால் வைக்க முடியாது. இறங்கிட்டா சம்பள பாக்கி போயிடுமோன்னு பயம் வேற. 2024-ல மட்டும் உலகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இப்படி அம்போன்னு விடப்பட்டாங்க. எந்த நாட்டு ஆட்கள் அதிகம் தெரியுமா? இந்தியர்கள்!

சட்டம் இருக்கு. 2013-ல நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துல இந்தியா 2015-ல சேர்ந்தது. அதுல 2017-லேர்ந்து, கைவிடப்பட்டவங்களுக்கு நாலு மாச சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பற செலவும் காப்பீட்டுலேர்ந்து வரணும்னு இருக்கு. ஆனா கொடி நாடு அதுல கையெழுத்து போட்டிருக்கணும். கப்பலுக்கு உண்மையான காப்பீடு இருக்கணும். அதனாலதான் முதல் கேள்வியே 'எந்தக் கொடி?'

கையெழுத்துக்கு முன்னாடி நாலே கேள்வி

கப்பல் கனவுல இருக்கற ஒவ்வொரு தம்பியும் தங்கச்சியும் இதை வெட்டி பர்ஸ்ல வெச்சுக்கோங்க.

1. கப்பலோட ஐ.எம்.ஓ. நம்பர் என்ன? ஏழு இலக்கம். பேர் மாறும், கொடி மாறும், ஓனர் மாறுவான். இந்த நம்பர் மாறவே மாறாது. இதை வெச்சு 'ஈக்வாசிஸ்'ங்கற இலவச இணையதளத்துல கப்பலோட ஜாதகத்தையே பாத்துடலாம்.

2. கொடி எது? எந்தக் கொடிக் கப்பல்கள் சோதனையில அதிகமா மாட்டிகிட்டு நிக்குதுன்னு துறைமுகச் சோதனை அமைப்புகள் வருஷா வருஷம் பட்டியல் போடறாங்க. அதுல உங்க கொடி எங்கே இருக்குன்னு பாருங்க.

3. ஏஜென்டுக்கு கப்பல் துறை தலைமை இயக்குநரகத்தோட லைசென்ஸ் இருக்கா? அவங்க இணையதளத்துலயே பட்டியல் இருக்கு.

4. வேலைக்குக் காசு கேக்கறாரா? லைசென்ஸ் இருக்கற ஏஜென்ட் மாலுமிகிட்ட வேலைக்காகக் காசு வாங்கக் கூடாது. அதுதான் விதி. கேட்டா, எழுந்து வந்துடுங்க.

சித்தி பையன் மறுநாள் அந்த ஏஜென்டுக்கு போன் போட்டு, 'சார், கப்பலோட ஐ.எம்.ஓ. நம்பர் சொல்லுங்க'ன்னு கேட்டிருக்கான். 'அரை மணி நேரத்துல அனுப்பறேன் தம்பி'ன்னார். அரை மணி ஒரு நாளாச்சு. ஒரு நாள் ஒரு வாரமாச்சு. இப்போ அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

பையன் ரெண்டு நாள் சோறு சாப்பிடலை. சித்தி மட்டும், அடகு வைக்க எடுத்து வெச்ச வளையலைத் திரும்ப கையில போட்டுகிட்டாங்க. அவன் இப்போ லைசென்ஸ் உள்ள ஒரு இடத்துல பேர் பதிஞ்சுட்டு காத்துகிட்டிருக்கான். நேத்து மறுபடியும் போன்.

"அண்ணே, இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. நானே முதல்ல கொடிதாண்ணே கேட்டேன்!"

அடுத்த தடவை துறைமுகம் பக்கம் போனா, கப்பலோட பிரம்மாண்டத்தைப் பாத்து வாயைப் பிளக்கறதோட நிறுத்திடாதீங்க. பின்பக்கம் போய்ப் பாருங்க. கப்பல் பேருக்குக் கீழே ஒரு ஊர் பேர் எழுதியிருக்கும். அதுக்கு மேலே ஓரம் நஞ்சு, சாயம் போன ஒரு துணி ஆடிகிட்டிருக்கும். உள்ளே இருக்கற இருபது பேரோட சம்பளமும் சாப்பாடும் ஊர் திரும்பற டிக்கெட்டும் அந்த துடைக்கிற துணியிலதான் முடிஞ்சு வெச்சிருக்கு.

அடுத்த வாரம் வேற ஒரு வார்த்தையோட வர்றேன். அதுவரைக்கும்... டாட்டா!